நல்ல செய்தி வந்தும் யாக்கோபு ஏன் உடனே நம்பல?

செத்துட்டான்னு நினைச்ச மகன் யோசேப்பு எகிப்துல உயிரோட இருக்கான்னு மத்த பிள்ளைங்க வந்து சொல்லியும் யாக்கோபு நம்பலையே, அது விசுவாசக் குறைவான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு அப்படித் தோணல. வெள்ளாட்டு ரத்தத்துல தோய்ச்ச யோசேப்போட அங்கிய முன்னாடி கொண்டுவந்து காட்டி, அவன் செத்துட்டான்னு நம்ப வெச்சதும் இதே பிள்ளைங்கதான், அப்போ யோசேப்புக்கு 17 வயசு, கணக்குப் போட்டா சுமார் 22 வருஷம் ஆயிருச்சு, அவ்வளவு நாள் அழுத மனசு இன்னொரு தடவ உடைய பயப்படும்ங்க. பைபிள்ல ஆதியாகமம் 45:26ல அவர் இருதயம் மூர்ச்சையடைஞ்சதுன்னே இருக்கு. யோசேப்பு சொன்னதெல்லாம் பிள்ளைங்க சொல்லி, அவரை எகிப்துக்குக் கூட்டிட்டு வர அவன் அனுப்பின வண்டிங்களையும் கண்ணால பாத்த பிறகுதான் அவருக்கு உயிரே திரும்புச்சு. அந்த வண்டிங்கள வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிரும். அப்புறம் எகிப்துக்குப் போற வழியில பெயெர்செபாங்கிற ஊர்ல ராத்திரி தேவன் பேசினப்போ ஏன் நம்பலன்னு ஒரு வார்த்தை கடிஞ்சுக்கல, எகிப்துக்குப் போகப் பயப்படாத, நானும் உன்னோட வர்றேன்னுதான் சொன்னார்.