துளை ஒன்றானால் வயரும் ஒன்றாகுமா?

கேள்வி: கடந்த மாதம் ஹட்டனில் புதிய கைத்தொலைபேசி ஒன்றை வாங்கினேன். பெட்டிக்குள் இரு முனையும் டைப் சி ஆக உள்ள வயர் மட்டுமே இருந்தது, சார்ஜர் இல்லை. கடைக்காரரின் சொற்படி டைப் சி சார்ஜரைத் தனியே வாங்கினேன். போன் நன்றாகச் சார்ஜ் ஆகிறது. ஆனால் மின்வெட்டுக்காக வைத்திருக்கும் எமர்ஜென்சி விளக்கிலும் அதே துளை இருந்தும், இந்த வயரைச் செருகினால் அதன் சிவப்புப் பொட்டுக்கூட எரிவதில்லை. பழைய சார்ஜரையும் பழைய வயரையும் போட்டால் எரிகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்று சட்டமே வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, பழுது எதில்?
– ஆசிரியை ஒருவர், பொகவந்தலாவை

பதில்: சார்ஜரிலும் பழுதில்லை, வயரிலும் பழுதில்லை. குறை, விளக்கைச் செய்தவரின் சிக்கனத்தில் இருக்கிறது.

தட்டையான பெரிய முனை செருகப்படும் பழைய சார்ஜர், மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சுவரில் மாட்டியதுமே 5 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தபடி இருக்கும். டைப் சி துளை கொண்ட சார்ஜர் அப்படியல்ல. எதிர்ப்பக்கத்துக் கருவியினுள் 5.1 கிலோ ஓம் அளவுள்ள சிறிய மின்தடை (ரெசிஸ்டர் எனும் பாகம்) ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகுதான் அது மின்சாரத்தைத் திறந்துவிடும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது இங்கே அப்படியே பொருந்தும். உங்கள் போனில் அந்த மின்தடை இருக்கிறது, அது கேட்கிறது, பெறுகிறது. மலிவான விளக்குகளையும் டோர்ச்சுகளையும் செய்பவர்கள் சிலர், துளையை மட்டும் புதிதாக வைத்துவிட்டு, மிகச் சொற்ப விலையுள்ள அந்த மின்தடையை விட்டுவிடுகிறார்கள். ஆகவே பழைய சார்ஜரையும் வயரையும் எறிந்துவிடாதீர்கள். அந்த விளக்குக்கு அவைதான் துணை. அடுத்த முறை விளக்கு வாங்கும்போது உங்கள் புதிய சார்ஜரையும் வயரையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. 2009இல் போன் நிறுவனங்கள் மைக்ரோ யூஎஸ்பி என்ற துளைக்குத் தாமாகவே இணங்கியபோதும், ஆப்பிள் நிறுவனம் தனது சொந்தத் துளையை விடவில்லை. 2014இல் 24 ஊசிகளுடன், எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் டைப் சி வடிவம் வந்தது. 2022 ஒக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 602 வாக்குகளால் அதையே பொதுத் துளையாக ஏற்றது. போன், டெப்லட், கெமரா, ஹெட்போன் போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் விதி பொருந்தும் எனத் திகதியும் குறிக்கப்பட்டது. அச்சட்டத்தின் கை ஹட்டன் வரை நீளாது. ஆனால் ஒவ்வொரு சந்தைக்கும் வெவ்வேறு துளை வைத்துப் போன் செய்வது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாது. 2023இல் வந்த ஐபோன் 15 எல்லா நாடுகளிலும் டைப் சி துளையுடனேயே விற்கப்பட்டது.

பெட்டியில் சார்ஜர் இல்லாதது பற்றியும் ஒரு வார்த்தை. பாவிக்காமலே எறியப்படும் சார்ஜர்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 தொன் மின்கழிவு சேர்கிறது என்று மதிப்பிட்ட ஐரோப்பியர், சார்ஜர் இல்லாமல் வாங்கும் வாய்ப்பையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டுமென விதித்தார்கள். சில நிறுவனங்களோ அதற்கு முன்பே, 2020 முதல், சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டன. மேசை இழுப்பறை நிறையப் பழைய சார்ஜர் கிடக்கும் வீட்டுக்கு அது நியாயம். லயத்துக் காம்பராவில் நான்கு பேர் ஒரே சார்ஜரை முறை வைத்துப் பாவிக்கும் குடும்பத்துக்கு அது இன்னொரு செலவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: தம்பியின் மடிக்கணினிக்குரிய 65 வாட் டைப் சி சார்ஜரில் என் போனைப் போட்டால் வெடித்துவிடுமா?
– வாசகர், ஹப்புத்தளை

பதில்: தரமான சார்ஜரானால் பயம் வேண்டாம். அது 5 வோல்ட்டில்தான் தொடங்கும். போன் கேட்டால் மட்டுமே உயர்த்தும். மறுபுறம், போன் சார்ஜரால் மடிக்கணினியை ஏற்ற முயன்றால் மிக மெதுவாக ஏறும், அல்லது ஏறாமலே போகும். வயரையும் கவனியுங்கள்: சாதாரண டைப் சி வயர் 60 வாட் வரைதான் தாங்கும், அதற்கு மேல், 100 அல்லது 240 வாட் கொண்டுபோக வயரின் முனைக்குள் சிறு சிப் ஒன்று இருக்க வேண்டும். வெளியே பார்த்து அதை அறிய முடியாது என்பதால், வாட் அளவு அச்சிடப்பட்ட வயரையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது போனை இடுப்பில் கட்டும் படங்குக்குள்தான் வைத்திருப்பேன். இப்போது வயர் துளையில் இறுகப் பிடிப்பதில்லை.
– வாசகி, நானுஓயா

பதில்: படங்கின் நூல்தூசி துளைக்குள் சேர்ந்து இறுகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் ஓரமாகக் கிளறி எடுங்கள். துளையின் நடுவில் நாக்குப்போல் நிற்கும் மெல்லிய தகட்டில்தான் ஊசிகள் எல்லாம் இருக்கின்றன. ஆகவே ஊக்கையோ தையல் ஊசியையோ உள்ளே விடாதீர்கள். மழையில் நனைந்திருந்தால் துளையைக் கீழ்நோக்கித் தட்டி, நன்றாகக் காயும்வரை சார்ஜில் போடாதீர்கள். அடுப்பருகில் வைத்துக் காயவைக்கவும் வேண்டாம். சுத்தம் செய்த பிறகும் வயர் ஆடினால் துளைதான் தேய்ந்திருக்கிறது. அதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் துளையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.