அரிசியில் கல்

அன்புள்ள அண்ணன்,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயலில் அப்பாவின் தோப்பு போனது. மிஞ்சியது பதினோரு மரம். அன்றிலிருந்து வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து, தங்கை படிப்பு எல்லாம் என் சம்பளத்தில்தான். அப்பா ஒரு நாளும் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஊரிலிருந்து கிளம்பும்போது பத்துத் தேங்காயைச் சாக்கில் கட்டிக் கையில் திணிக்கிறார். பஸ்ஸில் அதைச் சுமப்பதே பெரும்பாடு. இங்கே கடையில் கிடைக்காததா? தினமும் இரவு ஐந்து விஷயங்களுக்கு நன்றி எழுதினால் மனம் லேசாகும் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். எழுதிப் பார்க்கிறேன், முடியவில்லை. நிலத்தை விற்றுவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

நோட்டில் எழுதுவது உங்கள் இஷ்டம். நிலத்தைப் பற்றி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். எனக்கு அந்த ‘ஒரு நல்ல வார்த்தை’தான் தொண்டையில் நிற்கிறது. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து இதே நினைப்பு.

எங்கள் ஊர் காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனம். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை, 2003-ல் திறந்தது அக்டோபர் 7. முந்தைய வருஷமும் குறுவை நெல் சாகுபடி கிடையாது. பத்தாயத்தில் எலிக்குக்கூட வேலையில்லை. ‘அரிசி விலைக்கு வாங்கித் தின்கிற குடும்பம்’ என்பது எங்கள் அப்பா வாயில் ஒரு வசவு. அந்த வருஷம் அக்காவின் டீச்சர் சம்பளத்தில், கிலோ மூன்றரை ரூபாய் ரேஷன் அரிசிதான் எங்களுக்குச் சோறு. கடைக்கு நான் போவேன். அப்பா அந்தத் தெருப் பக்கமே திரும்பமாட்டார்.

ஒரு நாள் ராத்திரி அக்காவுக்குக் கல் கடிபட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “சம்பாதிச்சுக் கொட்டியும் கல்லைத்தான் திங்கணுமா?” அப்பா தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் எழுந்து வருகிறேன், திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு போய், நூல் கட்டியிருக்கும். ஒவ்வொரு பிடியாக இழுத்து, விரலால் பரப்பி, கல்லையும் கறுப்பு அரிசியையும் பொறுக்கிக் கொட்டாங்கச்சியில் போடுகிறார். களத்தில் மரக்கால் மரக்காலாக நெல் அளந்து கொடுத்த கை. தெருவில் ஆள் வந்தால் துண்டை எடுத்து முறத்தின் மேல் போடுவார். ஆள் போனதும் மறுபடி. சம்பா வீடு வந்து சேரும்வரை அக்கா வாயில் இன்னொரு கல் படவில்லை. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவர் மட்டும் “ரொம்ப நன்றிம்மா” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கியிருக்காது. நம் பக்கம் வீட்டுக்குள் புழங்குகிற சொல்லா அது? கல்யாணப் பத்திரிகையிலும் மேடையிலும் கிடக்கும். வள்ளுவரின் 11-ஆவது அதிகாரத் தலைப்பைப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நல்லது. அதை அறியச் சொல்கிறார். வாயால் ஒப்பிக்கச் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது ரசீது, தம்பி. வீட்டுக்குக் கொடுத்ததற்கு ரசீது கேட்டால் நீங்கள் மகனா, வட்டிக்கடையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷமாக ஒரு வீட்டைத் தனியாளாகத் தாங்கும் களைப்பு எனக்குத் தெரிகிறது. எங்கள் அக்காவும் அப்படித்தான் தட்டைத் தள்ளினாள்.

அப்புறம் அந்தத் தேங்காய். பதினோரு மரத்துக் காயில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றாகப் பாரையில் குத்தி உரித்து உங்களுக்குக் கட்டுகிறார். அடுத்த தடவை சாக்கைப் பிரித்ததும் பாருங்கள், குடுமியை விட்டுத்தான் உரித்திருப்பார். மொட்டையாக உரித்தால் கண் வழியாக அழுகிப்போகும். குடுமி இருந்தால் உங்கள் திருப்பூர் அறையில் கூடக் கொஞ்ச நாள் கெடாமல் கிடக்கும்.