புது பேரிங் போட்டா கிளியரன்ஸ் பாக்கணுமா?

கேள்வி: அண்ணே, அப்பா தோட்டத்துல கிராணியா (கிளார்க்கா) இருந்தப்ப ஓட்டுன மோரிஸ் மைனர், 948 சிசி. கிராங்க் (இன்ஜின்ல சுத்துற தண்டு) கிரைண்டிங் பண்ணி புது பேரிங்கும் வாங்கியாச்சு. ஒர்க்‌ஷாப்ல "புதுசு தானே, அப்படியே பூட்டு"ங்கறாங்க. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல உள்ள இடைவெளிய (கிளியரன்ஸ்) பாக்கணுமா வேணாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கண்டிப்பா பாக்கணும் தம்பி. கிரைண்டிங்ல கொஞ்சம் கூடக் குறைய போயிருக்கலாம், பாக்கெட்ல அளவு மாறி வந்திருக்கலாம், புதுசுங்கறத மட்டும் நம்பி பூட்டாதீங்க.

பிளாஸ்டிகேஜ் வாங்குங்க, மெழுகு நூல் மாதிரி இருக்கும். ஜர்னல்ல (கிராங்க்ல பேரிங் உக்காருற இடம்) எண்ணெய் இல்லாம துடைச்சிட்டு, ஆயில் ஓட்டைய விட்டு ஒதுக்கி, நீளவாக்குல ஒரு துண்டு வச்சு கேப்ப (பேரிங் மூடிய) மாட்டி பிக் எண்டுக்கு (ராடு கிராங்கோட சேருற முனைக்கு) 35 பவுண்ட் அடி டார்க் (முறுக்கு) குடுங்க, அந்த நேரம் கிராங்க் துளிகூட சுத்தக்கூடாது, சுத்துனா அளவு பொய்யாயிடும். திரும்பக் கழட்டி நசுங்குன அகலத்த கவர்ல உள்ள ஸ்கேலோட ஒத்துப் பாருங்க. அகலம் கூடுனா இடைவெளி கம்மி. 0.001லருந்து 0.0025 இன்ச்சுக்குள்ள இருந்தா நல்லது. ரொம்ப கூடுனா சூடான ஐட்லிங்ல ஆயில் பிரஷர் விழும், ரொம்ப குறைஞ்சா பேரிங் புடிச்சுக்கும். நூல் ஒரு முனையில அகலமா மறு முனையில ஒடுக்கமா நசுங்கியிருந்தா ஜர்னல் சாய்வா இருக்கு, கிரைண்டிங் கடைக்கே திருப்பிக் கொண்டு போங்க.

பிஸ்டன் ரிங்கோட ரெண்டு முனைக்கு நடுவுல உள்ள இடைவெளியையும் பாக்காம விட்டுடாதீங்க. ரிங்க போருக்குள்ள (சிலிண்டர் துளைக்குள்ள) விட்டு பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ஃபீலர் கேஜ்ல (இடைவெளி அளக்குற மெல்லிய தகடு) 0.007லருந்து 0.012 இன்ச் வருதான்னு பாருங்க. கம்மியா இருந்தா சூட்டுல ரெண்டு முனையும் முட்டி போர கீறிடும்.

பாத்து முடிச்சதும் நூல எண்ணெய் துணியால துடைச்சு எடுங்க, சுரண்டாதீங்க. எந்த ராடுக்கு எந்த கேப்போ அதையே நம்பர் பாத்து பூட்டுங்க.