உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் நார்மல்: தண்டையார்பேட்டை சகோதரிக்கு

சகோதரி, ஒரு வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை எல்லாம் வலி, ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, வீட்டில் "சும்மா சொல்றே" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சும்மா சொல்லவில்லை. உடம்பெல்லாம் நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயாக இருக்கலாம். அதில் தசையில் வீக்கமோ கிழிசலோ இருக்காது. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைப் பெரிதாக்கிவிடும், ரேடியோவில் சத்தம் கூட்டியது மாதிரி. எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும்? தூக்கம் கெட்டால் இன்னும் கூடும்.

ஆனால் அதுதான் என்று முடிவு செய்யும் முன், தைராய்டு, வைட்டமின் டி, தசை நொதியான சிகே, இதெல்லாம் பார்த்தார்களா? கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறீர்களா? அதுவும் தசை வலி தரலாம். தரையில் உட்கார்ந்து எழவே பலம் இல்லையென்றால் அது தசை நோயாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தானே, புறநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். அப்புறம், தினமும் கொஞ்சம் நடங்கள், மெதுவாகக் கூட்டுங்கள். ஃபைப்ரோமயால்ஜியா வலிக்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை உடற்பயிற்சிதான்.