போர்ப் புத்தகம் படித்துவிட்டு மகள் பயப்படுகிறாள்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. இரண்டாம் உலகப்போரில் போலந்துக் குழந்தைகள் பட்ட பாட்டைச் சொல்லும் ஒரு புத்தகத்தைப் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்தாள். அத்தனையும் நிஜத்தில் நடந்தவை. படித்ததிலிருந்து இரவில் பயந்து எழுந்துகொள்கிறாள். ஆனாலும் இதுபோல இன்னும் வேண்டும் என்கிறாள். "இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு, அவகிட்டேருந்து வாங்கி வை" என்கிறார் என் மாமியார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கி வைக்காதீர்கள். பாதியில் பறித்த புத்தகத்தின் மீதியைப் பிள்ளை தன் மனசுக்குள் எழுதிக்கொள்ளும். அது இன்னும் பயங்கரமாக இருக்கும். ஆனால் மாமியாரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. இந்த மாதிரிப் புத்தகத்தை இந்த வயதில் தனியாகப் படிக்க விடக்கூடாது. இனி நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் ஒரு வரைபடத்தை விரித்துக்கொள்ளுங்கள். 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி மேற்கிலிருந்து நுழைந்தது. 17ஆம் தேதி சோவியத் படை கிழக்கிலிருந்து வந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட நாடு போலந்து. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிபடும்.

அப்புறம், சாவை எண்ணுவதிலிருந்து தொடங்காமல் அன்றாடத்திலிருந்து தொடங்குங்கள். பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஆக்கிரமித்த ஜெர்மானியர்கள் போலந்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் மூடிவிட்டார்கள். ஆசிரியர்கள் வீடுகளில் நாலைந்து பேராகக் கூட்டி ரகசியமாகப் பாடம் நடத்தினார்கள். பிடிபட்டால் வதைமுகாம், சில சமயம் மரணம். அப்படியும் பிள்ளைகள் போனார்கள், பரீட்சைகூட எழுதினார்கள்! 1944 ஆகஸ்டில் போலந்தின் தலைநகர் வார்சா ஜெர்மானியருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து 63 நாள் போராடியபோது, 12, 13 வயதுச் சாரணச் சிறுவர்கள் குண்டுமழைக்கு நடுவே கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உங்கள் மகள் இரக்கப்படுவதோடு நிற்காமல் இந்தப் பிள்ளைகளை மதிக்கவும் தொடங்குவாள். அந்த மதிப்பு பயத்தைத் தாங்கிக்கொள்ள உதவும்.

அவளுக்கு நம் நாட்டுப் பக்கமும் தெரியட்டும். சோவியத் அரசு சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் நாடுகடத்திய போலந்துக் குடும்பங்களின் குழந்தைகளில் நூற்றுக்கணக்கானோர், பலர் பெற்றோரை இழந்தவர்கள், 1942இல் குஜராத்தின் பாலாச்சடிக்கு வந்து சேர்ந்தார்கள். ஜாம்நகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி அவர்களுக்குக் கடலோரத்தில் தங்குமிடமும் பள்ளியும் கட்டிக்கொடுத்தார். கோலாப்பூருக்கு அருகே வலிவடே முகாமில் சுமார் 5,000 போலந்து மக்கள் இருந்தார்கள். வார்சாவில் இன்றும் அந்த ஜாம்நகர் மன்னரைக் குறிக்கும் 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது. எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். யூதர்களுக்கு நடந்த இனப்படுகொலையை அது பெயர் சொல்லிப் பேசுகிறதா? "போரில் பலர் இறந்தார்கள்" என்று மழுப்பும் புத்தகம் வேண்டாம். 1940இல் வார்சாவின் யூதர்களை ஜெர்மானியர்கள் சுவருக்குள் அடைத்தார்கள். அங்கிருந்து குழந்தைகளை வெளியே கடத்திக் காப்பாற்றியவர்களில் ஒருவர் இரேனா செண்ட்லர். ஒவ்வொரு குழந்தையின் நிஜப் பெயரையும் மெல்லிய காகிதத்தில் குறித்து, ஜாடியில் போட்டு, ஆப்பிள் மரத்தடியில் புதைத்து வைத்தார். போர் முடிந்ததும் பெற்றோரிடம் சேர்ப்பதற்காக. இதை 10 வயதில் சொல்லலாம். அனாதை இல்லக் குழந்தைகளைக் கைவிடாமல் அவர்களோடு சாவுமுகாமுக்கே போன டாக்டர் கோர்ச்சாக்கின் வரலாறு இன்னும் இரண்டு மூன்று வருடம் காத்திருக்கட்டும்.

பகலில் படியுங்கள், படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அவள் நிறுத்தச் சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். "அந்தக் குழந்தைகளின் அப்பா அம்மா திரும்ப வந்தார்களா?" என்று ஒருநாள் நிச்சயம் கேட்பாள். பெரும்பாலோர் வரவில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். அன்று இரவு அவள் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள்.