108ம் தவுக்கேயின் மணிச்சட்டமும்

அன்புள்ள ஐயா,

புதுக் காருக்குக் கூடுதல் பணம் கட்டி 108 என்ற எண்ணை எடுத்தேன். கூட்டினால் 9, ரொம்ப நல்லது என்றார் எண் ஜோதிடர். நான்காம் படிவம் படிக்கும் என் மகனோ, "எட்டு அடிமானத்தில், அதாவது எட்டு எட்டாக எண்ணி எழுதினால், அது 154, கூட்டினால் பத்து. உங்கள் ஒன்பது எங்கே போச்சு?" என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி? பெயரிலும் ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறார் ஜோதிடர். சேர்க்கலாமா?

ஒரு வாசகர், செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை விடுங்கள். பெற்றவர்கள் வைத்தது, அப்படியே இருக்கட்டும்.

காசைக் கொட்டி வாங்கிய அந்த ஒன்பதைத்தான் பார்க்க வேண்டும். பத்தை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. நூறை வகுத்தாலும் ஒன்றுதான். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால், இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் அடையாளம் தெரிகிறது. எட்டு எட்டாக எண்ணினால், எட்டை ஏழால் வகுத்தால்தான் மீதி ஒன்று, அந்த வேலை ஏழுக்குப் போய்விடும். நமக்குப் பத்து விரல் இருப்பதில் கிரகத்துக்கு என்ன பங்கு? இதற்கா ஐயா பணம் கட்டினீர்கள்?

உங்கள் பிள்ளையும் அதிகம் துள்ள வேண்டாம். ஒன்பது எங்கும் போகவில்லை. 108 கொட்டைப் பாக்கை எந்த அடிமானத்தில் எண்ணினாலும் ஒன்பது ஒன்பதாகப் பன்னிரண்டு வரிசை மிச்சமில்லாமல் அடுக்கலாம். அது எண்ணின் குணம். இலக்கக் கூட்டல் எழுதும் முறையின் குணம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் அப்பாவும் பிள்ளையும் ஒரே ஜாதிதான்.

அதே 108 பதினாறு அடிமானத்தில் '6சி'. அங்கே ஒன்பதுக்கு மேல் ஏ, பி, சி என்று எழுத்து போடுவார்கள், சி என்றால் பன்னிரண்டு. இதைப் பார்த்ததும் எனக்குப் பினாங்கு சௌராஸ்டா சந்தைப் பக்கம் அப்பா வைத்திருந்த மளிகைக் கடை நினைவுக்கு வந்துவிட்டது. கிலோ வருவதற்கு முந்தைய காலம். பதினாறு தாஹில் ஒரு காத்தி. 108 தாஹில் என்றால் ஆறு காத்தி பன்னிரண்டு தாஹில், அதாவது அதே '6சி'! அடிமானம் என்ற சொல்லே தெரியாமல் அப்பா நாள் முழுக்கப் பதினாறில் கணக்குப் போட்டார்.

ஒருநாள் அந்த எடைக்கு மிளகாய் நிறுத்துவிட்டு என்னை எழுதச் சொன்னார். காத்தி இரண்டு வெள்ளி. நான் பள்ளிக்கூடத்துக் கெட்டிக்காரன், 6.12 என்று எழுதி 12 வெள்ளி 24 காசு வாங்கிப் போட்டேன். பன்னிரண்டு தாஹில் முக்கால் காத்தி, 13 வெள்ளி 50 காசு வாங்கியிருக்க வேண்டும். அப்பா வாயே திறக்கவில்லை. பக்கத்துக் கடைச் சீன முதலாளி, தவுக்கேதான் சிரித்துக்கொண்டே, மணிகளைத் தள்ளிக் கணக்குப் போடும் தன் மணிச்சட்டத்தைக் காட்டினார். மேலே இரண்டு மணி, ஒவ்வொன்றும் ஐந்து. கீழே ஐந்து மணி, ஒவ்வொன்றும் ஒன்று. ஆக ஒரே கம்பியில் பதினைந்து வரை நிற்கும். பத்தில் எண்ணுகிறவனுக்கு ஒன்பது வரை நின்றால் போதுமே, மிச்ச மணி எதற்கு? பதினைந்து தாஹில் வரை ஒரே கம்பியில் வைக்க. பக்கத்துக் கம்பியில் ஆறை வைத்தார். இந்தக் கம்பியில் மேலே இரண்டு, கீழே இரண்டு தள்ளினார். பன்னிரண்டு.

அந்த ஒரு வெள்ளி 26 காசுக்காக அன்று சாயங்காலம் முழுக்க நான்தான் கடையைப் பெருக்கினேன்.