சால்மன் என்பது ஒரு மீனா, பல மீனா? 9 வயது மகளுக்கு எப்படிச் சொல்வது?

புத்தகத்தில் சால்மன் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒரே மீனா, நிறைய மீனா? பேர் யார் வச்சாங்க?" என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

பல மீன்கள் என்பதுதான் பதில். அட்லாண்டிக் பக்கம் ஒரே ஒரு வகை. அதற்கு 'சால்மோ சாலார்' என்று 1758ல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்தார். பசிபிக் பக்கம் சினூக், சாக்கை, கோஹோ, சம், பிங்க் என்று ஐந்து வகைகள் வட அமெரிக்க ஆறுகளுக்கு வருகின்றன. ஆசியக் கரையில் மாசு என்று இன்னொன்றும் உண்டு. பசிபிக் வகைகள் எல்லாம் 'ஆங்கோரிங்கஸ்' என்ற பேரினம்.

பேரினம், சிற்றினம் என்றதும் குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். நம் ஊர் இனிஷியலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். அண்ணன் தங்கை எல்லோருக்கும் ஒரே இனிஷியல், பெயர் மட்டும் வேறு. இனிஷியல்தான் பேரினம், பெயர்தான் சிற்றினம். அதேபோல, ஆங்கோரிங்கஸை ஆங்கிலத்தில் எழுதினால் முதல் எழுத்து 'ஓ' (O) என்பதால், சாக்கை மீன் ஓ. நெர்கா, சம் மீன் ஓ. கேட்டா, பிங்க் மீன் ஓ. கோர்புஷா. அறிவியல் கட்டுரைகளிலும் இப்படித்தான் முதல் எழுத்தை மட்டும் போட்டுச் சுருக்கி எழுதுகிறார்கள். நெர்கா, கேட்டா எல்லாம் ரஷ்யாவின் கம்சட்கா பகுதியில் வழங்கிய பெயர்கள். ஜெர்மானிய மருத்துவர் வால்பாம் 1792ல் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்.

இனி மகளிடம் ஒரு புதிர் போடுங்கள். அட்லாண்டிக் சால்மனுக்கு மிக நெருங்கிய சொந்தம் எது? பசிபிக் சால்மன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அதைவிட நெருக்கம் பழுப்பு ட்ரவுட் என்ற மீன், அதாவது சால்மோ ட்ரூட்டா. இரண்டுக்கும் இனிஷியல் ஒன்று. சால்மன், ட்ரவுட் என்பதெல்லாம் மீன் பிடிப்பவர்களும் விற்பவர்களும் கூப்பிடும் பெயர்கள். அவற்றை வைத்து உறவு சொல்ல முடியாது.

வானவில் ட்ரவுட்டின் கதை இன்னும் நன்றாக இருக்கும். அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்லுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்து ஓடைகளில் விட்டார்களே, அதே மீன்தான். வெகுகாலம் அதை சால்மோ கெய்ர்ட்னெரி என்றுதான் எழுதினார்கள். கொலம்பியா ஆற்றில் பிடித்த மீனைப் பார்த்து 1836ல் ரிச்சர்ட்சன் என்ற இயற்கை அறிஞர் வைத்த பெயர் அது. பிறகு எலும்புகளையும் உயிர்வேதியியல் சான்றுகளையும் ஒப்பிட்டதில், அட்லாண்டிக் சால்மனைவிடப் பசிபிக் சால்மனுக்குத்தான் அது கிட்டத்துச் சொந்தம் என்று தெரிந்தது. கம்சட்காவில் இருந்த இன்னொரு ட்ரவுட்டும் இதே சிற்றினம் என்பதும் தெளிவானது. அந்த மீனுக்கு வால்பாம் 1792லேயே 'மிக்கிஸ்' என்று பெயர் வைத்திருந்தார். ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் பொதுவாக முதலில் வைத்ததே நிற்கும், அதுதான் விதி. ஆக 1989ல் இனிஷியலும் மாறிப் பெயரும் மாறி, ஆங்கோரிங்கஸ் மிக்கிஸ் ஆனது. மீன் அப்படியேதான் இருந்தது, மாறியது நம் புரிதல். வகைப்பாட்டை மனப்பாடப் பட்டியலாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு கதையைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்பேன்.

தோற்றம் ஆளை ஏமாற்றும் என்பதற்கும் சால்மனிலேயே உதாரணம் இருக்கிறது. ஆற்றில் இருக்கும் சால்மன் குட்டிக்குப் பக்கவாட்டில் வரிசையாகக் கரும்பட்டைகள் இருக்கும். கடலுக்குப் போகும் பருவத்தில் அவை மறைந்து உடம்பு வெள்ளியாகிவிடும். அதனால் பட்டை போட்ட குட்டியை 'பார்' என்ற தனி மீனாகவே பலர் நினைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் ட்ரம்லான்ரிக் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஜான் ஷா, 1830களில் அவற்றைக் குளத்தில் விட்டு வளர்த்து, வெள்ளியாக மாறுவதைக் கண்ணால் பார்த்து, சால்மன் குஞ்சுதான் என்று நிரூபித்தார்.

சரி, படத்தில் பார்த்தது போதும், கையில் தொட்டுப் பார்க்கவேண்டுமே. மீன் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்க் காலா மீனைக் காட்டுங்கள். 'இந்தியன் சால்மன்' என்று ஆங்கிலத்தில் விற்பது இதைத்தான். ஆனால் சால்மன் குடும்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்க, வாய் அதற்கு அடியில் இருக்கும். மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு மெல்லிய நூல்கள் தொங்கும். அவற்றைப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். இதன் அறிவியல் பெயரில் வரும் 'டெட்ராடாக்டைலம்' அந்த நான்கைத்தான் குறிக்கிறது. முதுகில் இரண்டு துடுப்புகள், இரண்டிலும் முள் உண்டு. சால்மனுக்கோ முதுகில் ஒரு துடுப்பு, அப்புறம் வாலுக்குக் கொஞ்சம் முன்னால் முள்ளே இல்லாத சின்னச் சதைத் துடுப்பு.

அந்தச் சதைத் துடுப்பைப் பார்க்க சால்மன் தேடி அலையவேண்டாம், பக்கத்துக் கூடையில் ஆற்றுக் கெளுத்தி இருந்தால் அதிலேயே தொட்டுப் பார்க்கலாம். "அப்போ கெளுத்தியும் சால்மனும் சொந்தமா?" என்று அவள் உடனே கேட்பாள். இல்லை, ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார்கள், எலும்பு, பல், செதில், மரபணு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லுங்கள். கெளுத்தியின் முள் மட்டும் கையில் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.